என்னைத் தாண்டாத கிராணி

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து, ஒரு இரும்புப் பெட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. எங்களை வேலை வாங்குகிற தண்டல் ஓடிவந்தார். பெட்டி நசுங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்குச் சொந்தக்காரன் இருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், கூலியாட்களைக் கவனிக்கிற ஆபீசில் உதவி கேட்டேன். எனக்கு வேண்டியது ஒரு கட்டைக்கால். அது இருந்தால் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் நின்றபடி மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலைக்குப் போகலாம். பதில் வந்தது: கட்டைக்கால் கிடையாது, நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல் டிக்கெட் உண்டு. ஊனமானவனுக்கு இவர்கள் வைத்திருந்த மருந்து அது ஒன்றுதான். கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் கால் முளைத்துவிடும் போலிருக்கிறது. மறுத்தால் பிச்சைக்காரன் என்று போலீஸ் பிடித்து ஏற்றும் என்றும் சொன்னார்கள்.

நாகப்பட்டினத்தில் எனக்கு ஒரு ஜீவன் இல்லை. என் மனைவி இந்த ஊரிலேயே, ஜெலுத்தோங்கில் பிறந்தவள். இடியப்பம் விற்று எனக்கும் சேர்த்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிக்கெட் கிடையாது. அவளுக்குத்தான் இரண்டு காலும் இருக்கிறதே.

கப்பல் புறப்படும் நாளன்று காலையில் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியே என்னைப் படகில் கொண்டுபோய் ஏற்றிவிடுவாராம். ஊனமானவர்கள் வரவேண்டிய அந்த ஆபீஸ் மாடியில் இருந்தது. குறுகலான மரப்படி. நான் படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தைத் தூக்கித் தூக்கி ஏறினேன். மனைவி என் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். மேல்படிக்கு வந்ததும் எனக்கு மூச்சும் போயிற்று, பொறுமையும் போயிற்று. படிக்குக் குறுக்கே காலை நீட்டிப் படுத்துவிட்டேன்.

கிராணி டிக்கெட்டோடு உள்ளேயிருந்து வந்தார். நம்ம ஆள்தான், நெற்றி நிறைய விபூதி.

"எந்திரிப்பா, நேரமாச்சுலா."

"கால் குடுங்க கிராணி, எந்திரிக்கிறேன்."

"கால் எங்க ஆபீசுல கிடையாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"அப்ப என்னைத் தாண்டிப் போங்க. ஆனா ஒண்ணு. உங்க வீட்டம்மா மாசமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நொண்டியத் தாண்டுனவன் வீட்டுல பிள்ளைக்கும் கால் விளங்காதுன்னு சொல்லுவாங்க."

யாரும் சொன்னதில்லை. அங்கேயே படுத்துக்கொண்டு நான் கட்டிய கதை அது. கிராணி தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார். கீழே ரிக்‌ஷாவோடு நின்ற பியூனைப் பார்த்து, "இவனத் தூக்குடா" என்றார்.

"என் வீட்டுலயும் ஏழு மாசமுங்க" என்றான் பியூன். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளோ அழுகிறாளோ, எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தக் கிராணி இத்தனை சீக்கிரம் நம்பிவிட்டானே என்று வயிறு எரிந்தது. என்னைத் தாண்டக்கூடாது என்று தெரிந்தவனுக்கு, என்னைக் கடல் தாண்டி எறியக்கூடாது என்று தெரியவில்லை.

ஆபீசுக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரை மட்டும் தாண்டினார். சாப்பாட்டுக்குப் போகிற அவசரம். வழியில் கிடக்கும் கயிற்றைத் தாண்டுவதுபோல, கீழே பார்க்கக்கூட இல்லை.

கிராணி மேலேயே நின்றார். வெயில் ஏறியது. துறைமுகப் பக்கமிருந்து சங்கு ஊதியது, கப்பல் போய்விட்டது.

"துரை கேட்டா நான் என்னய்யா சொல்ல?" கிராணிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"இத்தன படி ஏறி வந்தவரு, நல்லாத்தான் இருக்காரு, ஊருக்கு அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க ஐயா" என்றாள் என் மனைவி.

அப்படியே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் ஊனமில்லாதவன். ஊனமில்லாதவனுக்கு உதவி எதற்கு? ஏறியது போலவே படி படியாக இறங்கி வீட்டுக்குப் போனேன்.

கிராணிக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பியூன் கையில் எனக்கும் ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தனுப்பினார். நான் கேட்டது கால்.