செந்தமிழ்ச்செல்வி பார்த்த பாயிண்ட்

வடக்கனந்தல் செந்தமிழ்ச்செல்வி டேட்டிங் ஆப்பில் சேர்ந்தது காதலுக்காக அல்ல. பாவம், அவள் வேதியியல் படித்தவள். மில்லுக்கு மரவள்ளி லோடு வந்ததும் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று சோதித்துச் சொல்லும் வேலைதான் அவளுக்கு வேண்டும். சின்னசேலம் பக்கம் பதினோரு ஜவ்வரிசி மில்களுக்கு அலைந்துவிட்டாள். எல்லா இடத்திலும் வாட்ச்மேன்தான் விண்ணப்பத்தை வாங்கினார். அதற்கப்புறம் அந்தக் காகிதம் என்ன ஆனது என்பது அவருக்கும் பக்கத்துப் போண்டாக் கடைக்கும்தான் வெளிச்சம்.

கரும்பு வெட்டப் போகும் அவள் அம்மா சாலம்மாள் கெடு வைத்திருந்தாள். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது. அதை நினைத்தாலே செல்விக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வருஷம் படித்தது பனியனில் பிசிறு வெட்டவா?

தோழி அபிநயாதான் வழி காட்டினாள். "மில்லு ஓனர் பசங்க எல்லாம் இந்த ஆப்புலதான்டி கெடக்குறானுங்க. வாட்ச்மேன் இல்லாத கேட்டு, பூந்துடு."

செல்வி நாற்பது கிலோமீட்டர் சுற்றளவு வைத்தாள். கல்லூரி லேபில் வெள்ளைக் கோட்டோடு நின்ற படத்தைப் போட்டாள். தன்னைப் பற்றி எழுதும் இடத்தில் மதிப்பெண் சதவீதம், டைப்ரைட்டிங் லோயர், நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு என்று வரிசையாக எழுதினாள். அதற்கும் முப்பது பேர் விழுந்தார்கள் என்றால் நம் பையன்களை என்ன சொல்ல! "சாப்ட்டீங்களா?" என்று கேட்டவனிடமெல்லாம், "உங்க கம்பெனில வேகன்சி இருக்குதா?" என்று கேட்டாள். இருபத்தொன்பது பேர் காணாமல் போனார்கள்.

மிஞ்சியவன் சிவசங்கர், ஒரு மில்காரர் வீட்டுப் பையன். "நேர்ல வாங்க. அம்மாவும் உங்கள பாக்கணும்னு சொல்றாங்க" என்று எழுதினான். முதலாளியம்மாவே இன்டர்வியூ எடுக்கிறாரா என்று பூரித்துப்போய், சான்றிதழ் ஃபைலோடு செல்வி பஸ் ஏறினாள்.

மில் ஆபீசில் சிவசங்கர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். மில்லை நடத்துகிற அவன் அம்மா கமலா, ஃபைலைத் தொடவேயில்லை.

"இன்னா செய்யத் தெரியும்?"

"டைட்ரேஷன் செய்வேங்க. பாயிண்ட் பாப்பேங்க."

"கொழம்பு?"

"அது லேப்ல சொல்லித் தரலீங்க."

"எங்க காலத்துல நாங்க வூட்டுக்குப் போய் பொண்ணு பாப்போம். இப்ப பொண்ணே வந்து நிக்குது" என்று கமலா பெருமூச்சு விட்டார். அப்போதுதான் மேஜையில் இருந்த பூவும் பழமும் செல்வியின் கண்ணில் பட்டன. பன்னிரண்டாவது மில்லும் போச்சு.

எழுந்து வெளியே வந்தாள். முற்றத்தில் கல்வராயன் மலையிலிருந்து லோடு கொண்டுவந்த விவசாயி வேடியப்பன் கத்திக்கொண்டிருந்தார். "வேற மில்லுல இதே கெழங்கு ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி காட்டுது. வண்டிய திருப்புப்பா!"

"மலை லோடெல்லாம் இப்பிடித்தான் திரும்பிப் போய்க்கினு இருக்குது" என்று மகனோடு பின்னால் வந்த கமலா புலம்பினார்.

கிழங்குக் கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு எடை பார்த்துத்தான் பாயிண்ட் சொல்வது. எடை கூடினால் பாயிண்ட் கூடும், பாயிண்ட் கூடினால் விலை கூடும். செல்வி போகிற போக்கில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கால் நகரவில்லை. ஃபைலைச் சிவசங்கர் கையில் திணித்துவிட்டுக் கூடையைச் சற்று நகர்த்தினாள். பாயிண்ட் இரண்டு ஏறியது.

"கூட தொட்டிச் செவுத்துல சாஞ்சிக்கினு இருந்துச்சுங்க. அப்பிடி இருந்தா எட கம்மியாதான் காட்டும்."

வேடியப்பன் வண்டியைத் திருப்பவில்லை. கமலா அப்போதுதான் ஃபைலைப் பிரித்தார்.

"மருமவளா வந்தா இந்த வேலைக்குச் சம்பளம் கெடையாது. வேலைக்கு வந்தா உண்டு. எது வேணும்?"

செல்வி சிவசங்கரைப் பார்த்தாள். நல்ல பையன்தான். சட்டையும் நல்ல சட்டை.

"வேலைதாங்க."

"அப்ப திங்கக்கெழம வந்துடு. அந்த ஆப்ப அழிச்சிடாத. மூணு மாசமா மோட்டாரு பாக்க ஆளு இல்ல. அதுல எவனாச்சும் இருக்கானா பாரு."

கேட்டுக்கு வெளியே வந்து செல்வி அம்மாவுக்குப் போன் போட்டாள். திருப்பூர் இல்லை என்றதும் சாலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஆருடி சிபாரிசு பண்ணாங்க?"

"என்னைப் பொண்ணு பாத்த மாப்பிள்ளைம்மா."