வியாழக்கிழமை வைத்த பெயர்

“ஆறாம் நாள், வியாழன். மாலை 4.40. எடை ஒரு கிலோ எண்பது கிராம். நலம். கடல்காற்று.”

என் கையெழுத்துதான். இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்ட என் மகள், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது. ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். இத்தனை பக்கத்தில் அப்படியொரு பிரிவு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களையும் அவை இறங்கும் நேரத்தையும் குறிப்பது என் வேலை. செய்ய ஒன்றுமில்லாத அந்த இடத்தில் கை தானாக நோட்டைத் தேடியது.

“இன்னா நைனா, புள்ள வெளிய வர்றதுக்குள்ள அதோட சரித்திரத்தையே எழுதி முடிச்சிடுவ போல கீதே,” என்பார் வாசல் காவலாளி.

உள்ளே தாய்க்கு மட்டும்தான் அனுமதி. மேல்மாடி வார்டிலிருந்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க என் மனைவி இறங்கி வருவாள். அவள் வெளியே வரும்போது கேட்பேன், சொல்வதை எழுதுவேன். நாற்பத்தேழாம் நாள் மகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே கொடுத்த தாளில், “ஆறாம் நாள் மூச்சுத் தடை, சரிசெய்யப்பட்டது” என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துபோகும், உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்துவோம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அதில் ஒன்று என்று நினைத்து, தாளை லேமினேட் செய்து வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க மூவரும் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். பங்குத்தந்தை ஒரு படிவத்தை நீட்டினார். வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தேன். “அவசரத் திருமுழுக்கு ஏற்கெனவே அளிக்கப்பட்டதா?” என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதப்போய் ‘இ’ போட்டபோது மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஆமான்னு போடு.”

“இன்னாம்மே சொல்றே?”

“வியாழக்கெழம. ஊத்தியாச்சு.”

உயிர் போகும் நிலையில் இருப்பவருக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம். எங்கள் பேட்டையில் இது தெரியாதவர் கிடையாது. அதனால் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மடியில் மகள் படிவத்தின் ஓரத்தை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையையே பார்த்தேன். ஐந்து விரல். நகம் வெட்ட வேண்டியிருந்தது.

“யாரும்மா ஊத்துனது?” என்றார் பங்குத்தந்தை.

“ஆயாம்மா, ஃபாதர். புள்ள நீலமா பூட்ச்சி. காலச் சுண்டுறாங்க, ஒண்ணும் அசையல. டாக்டருங்க சுத்தி நின்னுகினாங்க. கூட்டித் தொடைக்கிற ஆயாம்மா என் காதாண்ட வந்து, ‘வேதக்காரங்களாம்மா? ஊத்தட்டா?’ன்னு கேட்டுச்சு. தலைய ஆட்டுனேன். பால் பொகட்டுற பாலாடைல ஆறவச்ச தண்ணி எடுத்துச்சு. அதுக்குள்ள என்னைத் தடுப்புக்கு அந்தாண்ட அனுப்பிட்டாங்க. அரை மணி கழிச்சு வந்து, ‘ஊத்திட்டேன், பேரும் வச்சிட்டேன், புள்ள மூச்சு வுடுது போ’ன்னுச்சு.”

“என்ன பேரு?”

“கேக்கல ஃபாதர். கேட்டா அது கல்லறைச் சிலுவைல எழுதுற பேரா பூடும்னு பயம்.”

நான் வாய் திறந்தேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் பதில் மட்டும் நினைவிருக்கிறது. “நீ வெளிய நோட்டத் தொறந்து வச்சிகினு ‘நல்லா கீதா?’ன்ன. மூடி கயட்டுன பேனா கைல. அந்த மூஞ்சியாண்ட இன்னாத்த சொல்றது?”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். 4.40. நலம். பாலாடையில் தண்ணீர் எடுத்தபோது எனக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவுதான். அன்று கடல்காற்று வீசியது என்று கவனித்திருக்கிறேன்.

ஒருவருக்குத் திருமுழுக்கு ஒரே முறைதான், ஊற்றியதாக ஆயாம்மாவே வந்து சொன்னால் ஏற்கலாம் என்றார் பங்குத்தந்தை. தேடினேன். மருத்துவமனையில் துப்புரவு ஒப்பந்தம் மாறி, பழைய ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். நெட்டுக்குப்பம் என்று ஒருவர் சொன்னார். அங்கே போனால், மணலியில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். மணலியில் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

“நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறவில்லை என்றால்” என்று தொடங்கி நிபந்தனையோடு தண்ணீர் ஊற்றினார் பங்குத்தந்தை. மகள் கோயிலே அதிர அழுதாள். மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். நான் ஒவ்வொரு இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நாங்கள் வைத்த பெயர் பதிவேட்டில் ஏறியது.

நோட்டில் அந்த வியாழனின் ‘நலம்’ என்ற சொல்லை நான் அடிக்கவில்லை. கீழே சிவப்பு மையில் மனைவி சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறேன். ஊற்றியதைக் கண்ட சாட்சி கிடைக்கவில்லை. அந்த மாலை என் மகளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.