தங்கைக்கு அனுப்பிய வடகம்

செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை காலில் மறையவில்லை. எங்கள் ஊர் செட்டிகுளத்தில் அது சின்ன வெங்காய அறுவடைக் காலம். நாளெல்லாம் குந்தியிருந்து வெங்காயத் தாள் அரிந்ததால் வந்த வீக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு மாதம் கழித்துப் பெரம்பலூரில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் (பரம்பரையாக வரும் கோளாறு) என்றார்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களாம்மா? அவங்களையும் பாக்கச் சொல்லுங்க."

ஒரே தங்கை, செல்வி. கல்யாணமாகி ஸ்வீடனில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கேட்டால் ஒரு சிறுநீரகம் தருவாள் என்று நம்பியிருந்தேன். சோதித்ததில் அவளுக்கும் அதே கட்டிகள். சில வருடங்களில் இருவருமே டயாலிசிஸுக்கு (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) வந்துவிட்டோம். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்.

நோய் ஒன்றுதான். ஆனால் அவளை வாசலிலிருந்து டாக்ஸி அழைத்துப் போகிறது, அரசாங்கச் செலவில். இயந்திரத்தோடு படுத்திருக்கும்போதே நர்ஸ் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து வைக்கிறாள். என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஆஸ்பத்திரியிலேயே ஒரு சாப்பாட்டுக்கார அம்மா, தனியாக. நானோ ஊசி குத்திய கையில் கட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்று, கூட்டத்தில் இடிபட்டு ஊர் வந்து சேர்கிறேன். வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதினால், இதே நோயோடு படிக்கும் உங்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனுமில்லை.

அவளோ போனில் அங்கலாய்ப்பாள்.

"அஞ்சு மணிக்கே ராச்சாப்பாடு முடிஞ்சிருதுக்கா. உருளைக்கெழங்கக்கூட வேகவச்ச தண்ணியக் கொட்டிட்டுத்தான் திங்கணும். நாக்கே செத்துப்போச்சு. கொஞ்சம் வெங்காய வடகம் அனுப்பேன்."

"உப்பு ஆவாதேடி நமக்கு?"

"மோந்து பாக்கத்தான்."

வெளிநாட்டுக்குப் போகும் வடகத்துக்கு எங்கள் பக்கம் ஒரு பிடி உப்பு கூடுதலாகப் போடுவார்கள், பூசணம் பிடிக்காமலிருக்க. அந்தப் பிடியைப் போட்டேன். பிறகு இன்னொரு பிடியும் போட்டேன். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு அரசாங்கமே இருக்கிறதே என்று அப்போது நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு உப்பு ஆகாது என்பதால் ருசி பார்க்கவில்லை. நாலு நாள் வெயிலில் காயவைத்து அனுப்பினேன்.

பார்சல் சேர்ந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் வந்தாள். முகம் உப்பியிருந்தது. கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, வடகத்தைப் பொரித்து நொறுக்கிப் போட்டு, மூன்று நாள் அதையே சாப்பிட்டிருக்கிறாள். தாகம் தாங்காமல் தண்ணீராகக் குடித்ததில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியிருக்கிறது.

நான் முதலில் கேட்டது இதுதான்: "ஆம்புலன்ஸ் எத்தினி நிமிஷத்துல வந்துச்சு?"



"எட்டு நிமிஷம். இதத்தான் மொதல்ல கேப்பேன்னு தெரியும்க்கா."

அங்கேயே நான் உடைந்துபோனேன். "உப்ப நான் தெரிஞ்சேதான் அள்ளிப் போட்டேன் செல்வி" என்றேன்.

"மொத உருண்டையிலயே தெரிஞ்சுது. சாப்பாட்டுக்கார அம்மா என்ன தின்னேன்னு தொளச்சுக் கேட்டாங்க. நான் சொல்லல."

"அப்புறம் ஏண்டி தின்ன?"

"நம்ம வூட்டு வடகம்க்கா. நீ எத அனுப்புனாலும் திம்பேன். அதனால பாத்து அனுப்பு."

பொறாமை போய்விடவில்லை. போன வாரம்கூட அவள் தட்டில் சீஸைப் பார்த்ததும் சுருக்கென்றது. ஆனால் இப்போது டயாலிசிஸுக்கு முன் ஏறியிருக்கும் எடையை (உடம்பில் தங்கிய நீரின் அளவு) ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அவளுக்கு ஊசி குத்துவது காலை எட்டுக்கு; குளிர்காலத்தில் அது நமக்குப் பகல் பன்னிரண்டரை. எனக்கு ஊசி இல்லாத நாளிலும் அந்த நேரத்தில் என் இடது கை குறுகுறுக்கிறது. டம்ளரில் தண்ணீர் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு, அவள் எடை வரட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.