கார்ட்டூனுக்குத் தமிழ் சொன்னவர்

கலிபோர்னியாவில், சன்னிவேலில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார் அந்த யாழ்ப்பாணத்து அங்கிள். ஒல்லியான உடம்பு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. ஜப்பானில் சில வருஷம் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் நாங்கள் ஜப்பான் கடையில் காதல் காமெடி கார்ட்டூன் கேசட் வாடகைக்கு எடுப்போம். மங்கா என்கிற ஜப்பான் படக்கதைகளை டிவிக்காக எடுத்தவை. சப்டைட்டில் கிடையாது. அங்கிள்தான் வரிக்கு வரி தமிழில் சொல்லி, எங்களுக்கு முன்னால் தானே சிரித்துவிடுவார். கடைசியில் வரும் பாட்டுக்கு மட்டும் அர்த்தம் சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுவார்.

ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்த வாரம் அங்கிள் அவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அன்றும் கடைசிப் பாட்டை அங்கிள் கூடவே பாடினார்.

"இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"ரேடியோவிலை கேட்டது."

"பொய் சொல்லாதேங்கோ. வீட்டிலை நீங்கள் ஒருநாளும் பாடினதில்லை."

அங்கிள் எழுந்து டிவியை அணைத்தார். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த மாதம் மாடிப்படியில் பார்த்து, புது கேசட் வந்திருக்கிறது என்று கூப்பிட்டேன்.

"எனக்கு ஜப்பான் பாஷை மறந்துபோச்சு தம்பி" என்றார்.

ஒரு மாதத்தில் ஒரு மொழி எப்படி மறக்கும்? அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மாடியில் அவர்கள் இருவரும் தமிழில் பேசுகிற சத்தமும் எனக்குக் கேட்டதே இல்லை.