கம்பளி போர்த்திய அண்டா

ஒரு எஸ்டேட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதற்குக் காரணம் நான். அந்தப் பழியைக் கேட் வாசலில் போண்டா விற்ற காசிம் பாய் மேல் போட்டதும் நான்தான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

இன்று காலை, சேலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ராத்திரி ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்ட சோற்றை மருமகள் கொட்டப் போனாள். நான் பழைய பழக்கத்தில் பாத்திரத்துக்குள் மூக்கை நீட்டினேன்.

"மோந்து பாத்தா தெரியாதுங்க மாமா. சமைச்சது ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தாலே ஆகாதுங்கறாங்க. இது ராத்திரி பூரா இருந்துச்சு."

மோந்து பார்த்தால் தெரியாது. ஏற்காட்டில் ரைட்டராக இருந்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால்? கேட்டிருக்க மாட்டேன். விலங்கியலில் பட்டம் வாங்கியவனுக்கு யார் பாடம் எடுப்பது? ரைட்டர் என்றதும் கதை எழுதியவன் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பி எஸ்டேட்டில் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிறவனுக்கு அங்கே அந்தப் பெயர்.

கொட்டிய சோற்றின் வாசத்தில் எனக்கு வந்தது சோற்று நினைவுகூட இல்லை, நனைந்த கம்பளியின் நினைவு. மார்கழியில் அந்த மலையில் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான் இருக்கும். காப்பிப் பழத்தோல் புளிக்கிற நெடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். பழம் பறித்து முடிக்கிற சமயத்தில் முதலாளி ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். அப்படி ஒரு வருஷம் விருந்து முடிந்தபோது பாதி அண்டா சோறு மிஞ்சிவிட்டது. சமையல் மருதாயக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இத்தனை சோத்த என்னங்க பண்றது? தண்ணி ஊத்தி வெச்சா, இந்தக் குளுருல காலையில எவன் கை வெப்பான்?"

"தண்ணி எதுக்குங்கக்கா? இந்த மலையே ஒரு ஃபிரிட்ஜு, எதுவும் கெடாது. நல்லா கம்பளி போட்டு மூடி அடுப்போரமா வெச்சிருங்க. காலையில சூடா போடலாம்."

"படிச்சவிங்க மூளையே தனிதானுங்க!" என்று அவள் கம்பளி தேடப் போனாள். நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் வியப்பாக இருக்கிறது. மலை குளிரும், அதனால் சோறு கெடாது. கம்பளி போர்த்தினால் சோறு ஆறாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஆறாத சோற்றுக்கு மலைக் குளிரால் என்ன லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

காலையில் கம்பளியை விலக்கினால் சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன், நல்ல வாசம். அப்படியும் குழம்பைக் கலந்து இன்னொரு முறை அடுப்பில் ஏற்றிக் கிளறச் சொன்னேன். எல்லோரும் தின்றார்கள், நானும் தின்றேன். அதன் பிறகு ஆட்கள் வழக்கம்போல் கேட்டுக்குப் போய்ப் போண்டா வாங்கினார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கிலிருந்து காசிம் பாய் தகர டின்னைத் தலையில் வைத்து நடந்தே வருவார். ரைட்டர் கேட்டில் நின்று தின்னக்கூடாது என்று ஒரு கௌரவம் எனக்கு இருந்ததால் நான் மட்டும் அதைத் தொட்டதே இல்லை.

வெயில் ஏறுவதற்குள் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒவ்வொருவராக உட்கார்ந்து வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி ஜீப்பில் வந்து கேட்டருகே இறங்கினார்.

"என்னய்யா தின்னாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கேட்டுல விக்கிற போண்டாங்க."

அப்போதுதான் நான் கட்டடத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தேன். நானோ போண்டாவைத் தொடவே இல்லை. உண்மை தெரிந்தேதான் சொன்னேன்.

"ஏனுங்க சார், எம்புள்ளைங்களும் இதத் தின்னுட்டுத்தானுங்க பள்ளிக்கோடம் போயிருக்குது!" என்றார் பாய், என்னைப் பார்த்து.

"உன்ற எண்ணெயில என்ன எழவக் கலந்தியோ!" என்று கத்தினாள் மருதாயக்கா. யாரோ டின்னை உதைத்தார்கள். போண்டாக்கள் சரிவில் உருண்டன. பாய் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மண் ஒட்டியதை எதற்குப் பொறுக்கினாரோ.

ஆட்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். ஆனால் எங்கள் கேட் மட்டுமல்ல, மற்ற எஸ்டேட் கேட்டுகளும் பாய்க்கு மூடிவிட்டன. அவர் குடும்பத்தோடு அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார்.

வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அரிசியோடு வருகிற ஒரு கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாதாம். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகுமாம். அது விட்டுவைக்கும் நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் போகாதாம். கோழி முட்டையை அடைகாப்பதுபோல் நான் கம்பளி போர்த்தி அதை அடைகாத்திருக்கிறேன். விலங்கியல் படித்தவன் அல்லவா!

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பாய் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். அவர் தாடி முழுக்க நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியை வைக்கவே இல்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? எம் போண்டால தப்பில்லீனு எனக்குத் தெரியாதுங்களா? மலை மேல போயிச் சொல்லுங்க."

போனேன். எஸ்டேட் இருந்த இடத்தில் நீச்சல் குளம் வைத்த ரிசார்ட். ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகள் இல்லை. கேட்டில் நின்ற காவலாளி, "ரூம் புக் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்டான். ஒரு ஊரே முன்னால் நின்று கேட்ட பொய்யைப் பொய் என்று ஒத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை. விசாரித்து விசாரித்து, ஒண்டிக்கடையில் மகள் வீட்டில் இருந்த மருதாயக்காவை மட்டும் கண்டுபிடித்தேன்.

அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மனுசன நான் என்ன பேச்சுப் பேசுனனுங்க!" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரிங்க, பஸ்ஸுக்குப் போலாம்" என்றாள்.

அடிவாரத்தில் இறங்கியதும் நேரே கடைக்குள் போய், "பாய், எனக்குப் போண்டா குடு" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். பாய் அவளை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு வாணலியிலிருந்து சூடாக இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள். "நொம்பச் சுடுதுங்க" என்று காரணம் சொன்னாள். "ஊதித் தின்னும்மா" என்றார் பாய், சிரித்தபடி.

எனக்கு டீ மட்டும் வந்தது. போண்டா வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை, பாயும் இல்லை. மருதாயக்காவும் போய்விட்டாள். மருமகள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் போண்டா எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.