அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்தவள்

அப்பாவின் தியானத்தை ஒரு காலத்தில் நான்தான் செய்துகொடுத்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அப்பா கல்ஃப் வேலையை முடித்துக்கொண்டு ரத்தக்கொதிப்போடு இராஜாக்கமங்கலத்துக்கு வந்து சேர்ந்தார். தினமும் காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா இருங்கள் என்றார் டாக்டர். அப்பா பாய் விரித்து, செல்போனில் அலாரம் வைத்து உட்கார்ந்தார். இரண்டு நாள் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் தூங்கிவிடுவார். அன்றைக்குப் பூரா தப்புச் செய்தவர்போல யார் முகத்தையும் பார்க்கமாட்டார். ஒருநாள் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு அம்மாவிடம், "சும்மா இரிக்கதுக்குக்கூட கொள்ளாதவனாப் போயிட்டேன்" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, நாகராஜா கோவிலில் பால் ஊற்றுவதாக அவள் வைத்திருந்த நேர்ச்சையைச் சித்தி போய் முடித்துவிட்டு வந்திருந்தாள். சாமியே ஆள் மாறாட்டத்தை ஒத்துக்கொள்ளும்போது டாக்டர் மட்டும் மாட்டேன் என்பாரா? மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பாயை இழுத்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்த கட்டிலுக்கு எதிரிலேயே விரித்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை.

அவர் எழும்பியதும், "ப்பா, கவலப்படாதீங்க. உங்களுக்குள்ளத நான் இருந்தாச்சு" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தார். ஊருக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அதன்பிறகு முடிந்த நாளில் அவர் உட்கார்ந்தார். முடியாத நாளில், "மக்கா, இன்னைக்கு உனக்காக்கும் டூட்டி" என்று புரண்டு படுத்துக்கொள்வார். முகம் தொங்குவது நின்றுபோனது. எங்கப்பாவுக்க பிரஷரை நான்தான் குறைக்கேன் என்று பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வரவர என் டூட்டி நாட்கள் கூடிக்கொண்டே போயின. அப்பாவுக்குச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். வளர்ந்தபிறகு அம்மா சொன்னாள், அந்தக் காலைகளில் அப்பா தூங்கவே இல்லையாம். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடப்பாராம். அம்மா காப்பி குடிக்கக் கூப்பிட்டால் கையைக் காட்டித் தடுப்பாராம்.

"சத்தம் போடாதட்டி. இவ பொறந்ததுல இருந்து இப்பதான் ஆற அமரப் பாக்கக் கெடச்சிருக்கு."