மெயின் சுவிட்சைத் தாண்டி வந்த வரைபடம்

பிளான் அக்கா முதன்முதலில் அறிமுகமானது இணைய நிறுவனத்தின் கவுண்டரில். ரவுட்டரைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்தபடி வந்து நின்றார். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது இதை எழுதுகிறவன்.

"தம்பி, வெளியில எங்க இருந்தாலும் நான் என் வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வரணும். என்னைத் தவிர ஒரு ஈ காக்கா வரக்கூடாது."

"அஞ்சு நிமிஷ வேலைக்கா. ரவுட்டர்ல ஒரு போர்ட்டை, அதாவது ஒரு வாசலைத் திறந்து விட்டா போதும்."

"திறந்து விட்டா எனக்கு மட்டுமா திறந்திருக்கும்?"

பட்டம் வாங்கிய தலை கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டது. அக்கா ரவுட்டரை மறுபடியும் துண்டில் சுற்றினார். "சரி, நானே பாத்துக்கறேன்."

அவர் கட்டட வரைபடம் போடுபவர். பதினாறு வருடமாக இன்ஜினியர்களுக்கு வரைந்து கொடுக்கிறார். ஒரு தாளிலும் அவர் பெயர் இருந்ததில்லை. வரைபடங்களை பென் டிரைவில் சுமந்துகொண்டுதான் சைட்டுக்குப் போவார். ஒருநாள் அதை பஸ்ஸில் தவறவிட்டார். யாரோ ஒருவருடைய வீட்டின் பீரோ அறைவரைக்கும் அதில் இருந்தது. அப்போதுதான் அவருக்கு வேலை கொடுக்கும் இன்ஜினியர் ஒருவர் கறாராகச் சொன்னார்:

"மூணு மாடி ஆஸ்பத்திரி வேலை வருது. உங்க பேர்லயே வரையலாம். ஆனா ஃபைல் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, சைட்ல கேட்டா அந்த நிமிஷமே திறக்கணும். இருபதாம் தேதி செஞ்சு காட்டுங்க. முடியலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அக்கா இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு படித்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினி வாங்கி ரவுட்டரோடு இணைத்தார். வரைபடங்களை எல்லாம் அதில் ஏற்றினார். அதற்குள் வி.பி.என் என்ற ரகசியப் பாதையை அமைத்து, அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியைத் தன் மடிக்கணினியில் மட்டும் வைத்தார். அந்தச் சாவி இல்லாமல் யார் தட்டினாலும், உள்ளே ஆள் இருக்கிற அரவமே கேட்காது. மடிக்கணினியோடு தெருமுனைக்கு நடந்துபோய், கைபேசி இணையத்தில் முயன்றார். பொசுக்கென்று திறந்தது. நடுத்தெருவில் ஒரு குதி குதித்தார்.

மறுநாள் இன்ஜினியரின் அலுவலகத்திலிருந்து முயன்றபோது திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் திறந்தது. பிறகு இரண்டு நாள் கல்லாகக் கிடந்தது. எந்த நாளில், எந்த மணிக்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். பதினைந்தாம் தேதி காலையில் அந்த நோட்டும், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கணவரின் டியூட்டி அட்டவணையும் ஒருசேரக் கண்ணில் பட்டன. இரண்டும் அச்சாகப் பொருந்தின. அவருக்குப் பகல் டியூட்டி வந்த நாளெல்லாம் கதவு மூடியிருந்தது.

"என்னங்க, வீட்டைப் பூட்டும்போது என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? மெயினை அணைச்சிட்டுப் பூட்டறேன். வந்ததும் போட்டுடறேன்."

கணவர் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். ஆளில்லாத வீட்டில் ஒரு பிளக் சூடானால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இத்தனை நாளா என் உயிரை வாங்கினது உங்க கைதானா!"

"அந்தக் கைதான் இத்தனை வருஷமா வீட்டைக் காப்பாத்துது. அணைக்காம போனா டியூட்டி முழுக்க எனக்கு வீட்டு நெனப்புதாம்மா."

அக்கா சண்டைக்குப் போகவில்லை. தாளை எடுத்து வீட்டின் மின்கம்பிகளை வரைந்தார். ரவுட்டருக்கும் சின்னப் பெட்டிக்கும் மட்டும் தனி லைன், அதற்கென்று ஒரு பிரேக்கர். மெயினைத் தொடாமல் மற்ற பிரேக்கர்களை எல்லாம் கணவர் ஆசை தீர அணைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் வந்து போட்டுக் கொடுத்தார். கணவர் லீவு போட்டு ஒரு நாள் முழுக்க அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல மணிக்கொரு தடவை புறங்கையை வைத்துப் பார்த்தார். சாயங்காலம் சிவப்பு பெயின்டை எடுத்து அந்த பிரேக்கரின்மேல் எழுதினார்: 'தொடாதே.'

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தான். கை பழகிப்போச்சே."

இருபதாம் தேதி கணவருக்குப் பகல் டியூட்டி. சைட்டில் அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைமேல் அக்கா மடிக்கணினியை வைத்துத் திறந்தார். வீட்டு நெட்வொர்க்கின் இணைய முகவரியை முதலில் இன்ஜினியரிடம் கொடுத்தார்.

"சார், உங்க போன்ல தட்டிப் பாருங்க."

போன் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதிலே இல்லை.

"என்னம்மா, உள்ள யாரும் இல்லையா?"

"உங்களுக்கு இல்ல சார். இப்ப நான் வர்றேன்."

ஒரே சொடுக்கு. மாடிப்படி வரைபடம் திரை முழுக்க விரிந்தது. எட்டிப் பார்த்த மேஸ்திரி, "அட, அக்கா வீட்டையே தூக்கிட்டு வந்துட்டாங்க!" என்றார்.

"வீடு வீட்டுலதான் இருக்கு மேஸ்திரி" என்றார் அக்கா. "சாவிதான் எங்கிட்ட இருக்கு."

இன்ஜினியர் அங்கேயே, ஆஸ்பத்திரி வேலையின் முதல் தாளாக, மண் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினார்.

இப்போது இரண்டு மாடி எழும்பிவிட்டது. மூன்றாவது மாடியின் வரைபடத்தை அக்கா வரைந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் அவர் பெயர் இருக்கிறது.